பின்னாலிருந்து எண்ணிய கேமரா

என் வயதுக்காரர்களே, பதறுவதில் நான் ஜில்லா அளவில் பரிசு வாங்கக்கூடிய ஆள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். கேஸை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வீடு திரும்பியவன். ரத்தப் பரிசோதனைக் கவரைப் பிரிக்கப் பயந்து ஒரு வாரம் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தவன். பிரித்துப் பார்த்தால் அது பக்கத்து வீட்டுக்காரருடையது. ஆனால் இதெல்லாம் சில்லறை. என் பதற்றத்தின் உச்சம் பன்னிரண்டாவது வயதிலேயே வந்து போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த அளவுக்கு என்னால் பதற முடிந்ததில்லை. முயற்சியை மட்டும் விடவில்லை.

அது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலாண்டு லீவு. ஊர் விக்கிரமசிங்கபுரம். நூல் மில்லின் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிற ஊர். அப்பா உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். மில்லில் வேலை பார்த்தது மாமா, அதாவது அம்மாவின் தம்பி. நூல் சுற்றும் பிரிவில் ஃபிட்டர். மில் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் இன்னும் நாலு பேரோடு குடியிருந்தார். சாப்பாடு எங்கள் வீட்டில். ஷிப்ட் முடிந்து வரும்போது முடியில், புருவத்தில், காது மடலில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். கிழவராக வீட்டுக்குள் நுழைந்து, கிணற்றடிக்குப் போய், முப்பது வயது ஆளாகத் திரும்பி வருவார்.

மாமாவுக்கு மில்லில் ஒரு பட்டப்பெயர் உண்டு: நீர்நாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியலில், ஆற்றில் குளிக்கப் போன இடத்தில், மருத மரங்களுக்கு அப்பால் உள்ள பாறையில் ஐந்து நீர்நாய்களைப் பார்த்ததாக மில் கேட் டீக்கடையில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்து ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிக்க ஆரம்பித்த பிறகு நீர்நாய் என்ற ஒன்றை யாரும் பார்த்ததில்லை என்பது ஊரின் முடிந்த முடிவு. டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாராம்: “தண்ணியில நாயப் பாத்தீரா, தண்ணியப் போட்டுட்டு நாயப் பாத்தீரா வே?”

அவ்வளவுதான். அன்றிலிருந்து மாமா கேட்டுக்குள் நுழையும்போது யாராவது ஒருவர் பின்னாலிருந்து குரைப்பார். மாமா சிரித்துக்கொண்டே போவார் என்று அம்மாவிடம் சொன்னவர்கள் உண்டு. அம்மா அதை நம்பவில்லை. அவருக்குத் தம்பியின் சிரிப்பு வகைகள் தெரியும்.

வீட்டில் அப்பாவின் பங்கு தனி. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு சொல்லுவார்: “மாப்ளே, கண்ணுக்குள்ள பிம்பம் தலைகீழாத்தான் விழும். மூளதான் அத நேராக்கும். உனக்கு அந்த எடத்துலதான் கொஞ்சம் ரிப்பேரு.”

“நான் பாத்தேன் அத்தான்,” என்பார் மாமா. ரசத்தை ஊற்றிக்கொள்ளுவார்.

மாமாவுக்குப் படம் எடுப்பதில் பைத்தியம் உண்டு. கல்யாணத்துக்கு எடுக்கும் தொழில்காரர் இல்லை. பிறந்தநாளுக்குக் கண்ணைச் சிவப்பாக்கி எடுக்கிற ரகமும் இல்லை. நூலகத்தில் புகைப்படப் பத்திரிகைகளை உட்கார்ந்து நோட்டில் எழுதி எடுத்து, இரவல் கேமராவில் பழகி, ஒரு படத்துக்கு அரை மணி நேரம் யோசிக்கிற ஆள். இந்த மாதிரி ஆட்களுக்கென்றே, தொழில்காரர் கேமராவுக்கு ஒரு படி கீழே, வீட்டுக் கேமராவுக்கு நாலு படி மேலே, ஒரு ரகம் அப்போது வந்துகொண்டிருந்தது. மாமா அதற்காக நாலு வருஷம் ஒரு தீபாவளிக்கும் சட்டை எடுக்கவில்லை. பாலிடெக்னிக்கில் கூடப் படித்த காயல்பட்டினத்துச் சிநேகிதர் துபாயில் எலெக்ட்ரானிக் கடையில் இருந்தார். அவர் லீவில் வரும்போது அது வந்தது.

அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. புது ரப்பரும், தெர்மோக்கோலும், சிநேகிதர் பெட்டியில் இருந்த அத்தரும் கலந்த வாசனை. கறுப்பாக, கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் பிடி. விரல் படும் இடங்களில் இரண்டு சக்கரங்கள். திருப்பினால் உள்ளங்கையில் மட்டும் கேட்கிற மாதிரி ‘டிக் டிக்’ என்றது. முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். கண்ணை வைத்துப் பார்த்தால் எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட வேட்டியின் கரை நூல் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரரின் பார்வை எங்கள் பக்கம் திரும்பியதும் தெரிந்தது.

“இதுக்கு எதுக்கு மாப்ளே இவ்வளவு செலவு? அட்டைப்பெட்டியில ஊசித்துளை போட்டா போதாதா? அதும் கேமராதான்,” என்றார் அப்பா.

“அதுக்கு நீர்நாய் ஒரு மணி நேரம் அசையாம நிக்கணும் அத்தான்.”

“இல்லாத நாயி அசையாமத்தான் நிக்கும்.”

கேமராவோடு வந்த விளக்கப் புத்தகம் முழுக்க அரபியில் இருந்தது. சிநேகிதர் அதைக் கையில் வாங்கி, இரண்டு வரி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு வியர்த்தார். “எனக்கு ஓதத் தெரியும் மச்சான், அர்த்தம் தெரியாது. இதுல மேல கீழ குறி ஒண்ணுமே போடலியே, ஓதவும் வரல. கடையில அரபுக்காரன் வந்தா நான் விரலக் காட்டித்தான் பேசுவேன்.” படங்களைப் பார்த்துப் பார்த்து மாமா முக்கால்வாசியைப் புரிந்துகொண்டார். மிச்சக் கால்வாசியில்தான் என் கதை இருக்கிறது.

ஃபிலிம் போட நாங்கள் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனோம். கலர் மிஷின் வைத்திருந்த ஸ்டுடியோ அங்கேதான். ஸ்டுடியோ அண்ணாச்சி ஃபிலிம் டப்பாவை இடது பக்கக் குழியில் வைத்து, நாக்கை இழுத்து வலது பக்கம் விட்டு, பின்கதவை மூடினார். உள்ளே மோட்டார் ‘ஸ்ர்ர்ர்ர்’ என்று ஓட ஆரம்பித்தது. ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. அண்ணாச்சியின் முகம் மாறியது. நின்றபோது மேலே சின்னக் கண்ணாடியில் முப்பத்தாறு என்று காட்டியது. மாமா சோதனைக்கு அண்ணாச்சியையே ஒரு படம் எடுத்தார். முப்பத்தைந்து.

“என்ன வே இது, பின்னால இருந்துல்லா எண்ணுது!” என்றார் அண்ணாச்சி. அவர் பார்த்த கேமரா எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக எண்ணியவை. கொஞ்சம் யோசித்து அவரே தீர்ப்பும் சொன்னார். “துபாயில வாங்கினதுதான? அரபுக்காரன் எந்தப் பக்கத்துல இருந்து எழுதுவான்? வலது பக்கத்துல இருந்து. அப்ப கேமராவும் அப்படித்தான் எண்ணும்.”

கூட வந்திருந்த சிநேகிதர், “அண்ணாச்சி, இத செஞ்சது ஜப்பான்காரன்லா,” என்றார்.

“செஞ்சவன் ஜப்பான்காரன். வாங்குதவன் அரபுக்காரன். வாங்குதவனுக்குத் தோதாத்தான செய்வான்?”

“அரபியில எழுத்துதான் அண்ணாச்சி வலதுல இருந்து. நம்பர இடதுல இருந்துதான் எழுதுவாங்க.”

அண்ணாச்சி அரை நிமிஷம் கண்ணை மூடினார். “அப்ப கேமரா கெட்டுப்போச்சு,” என்றார்.

மாமா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இதை வீட்டில் வந்து நான் வாய்விட்டுச் சொன்னது முதல் தப்பு. அப்பாவுக்கு அந்த வாரம் முழுவதும் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் தேவைப்படவில்லை. “ஏலே, மணி என்ன? மாமா கேமராவுல கேளு, நேத்து மணி சொல்லும்.”

காலாண்டு லீவு முழுக்க நானும் மாமாவும் விடியலில் ஆற்றங்கரையில் கிடந்தோம். மாமா இரண்டாவது ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தார். ஐப்பசி மழை தொடங்கினால் தண்ணீர் அந்தப் பாறையை மூடிவிடும். பிறகு தை மாசம்தான். அதுவரை நீர்நாய்கள் அங்கேயே இருக்கும் என்று என்ன உத்தரவாதம்? நாணலுக்குப் பின்னால் சாக்கு விரித்துக் குப்புறப் படுத்திருப்போம். பாறையில் காய்ந்து கிடந்த நீர்நாய் எச்சத்தை மாமா குச்சியால் கிளறிக் காட்டினார். அதில் மீன் செதில்கள் மினுங்கின. அதன் நாற்றத்துக்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் முகர்ந்ததில்லை. மாமா அதை மல்லிகைப்பூ மாதிரி ரசித்தார்.

முதல் நாள் ஒரு கீரி வந்தது. இரண்டாம் நாள் சோப்பு டப்பாவோடு ஒரு பெரியவர் வந்தார். மூன்றாம் நாள் நான் தும்மினேன். அதற்கு மாமா என்னைப் பார்த்த பார்வையை வைத்துத் தோசை சுட்டிருக்கலாம். நான்காம் நாளும் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. வெயில் அப்போதுதான் மருத மரத்தின் இடுப்பைத் தொட்டிருந்தது. தண்ணீரில் ஒரு கோடு வந்தது. கோட்டின் நுனியில் ஒரு தலை. பிறகு பின்னாலேயே இன்னும் நாலு.

அவை பாறையில் ஏறி உதறிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நனைந்த பாயை உதறுகிற மாதிரி. ஒன்று மல்லாந்து படுத்து முதுகைப் பாறையில் தேய்த்தது. குட்டி ஒன்று தாயின் வாயில் இருந்த கெளுத்தியைப் பிடுங்கப் பார்த்து அறை வாங்கியது. மாமா ஒவ்வொரு படத்துக்கும் நடுவே மூச்சைப் பிடித்து விட்டார். ஆறு படம். அவசரப்பட்டு ஏழு எடுக்கிற ஆள் இல்லை. பிறகு கேமராவை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

“நீ ஒண்ணு எடு மருமவனே.”

“நானா?”

“கை நடுங்குது. இனி எனக்கு ஓடாது.”

பார்த்தேன். உண்மையாகவே நடுங்கியது. மில்லில் ஓடுகிற இயந்திரத்துக்குள் கையை விட்டு நூல் முடிச்சுப் போடுகிற கை. ஐந்தும் ஒரே வரிசையில் நின்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்த நேரம் நான் அழுத்தினேன். கண்ணாடியில் இருபத்தேழு. அண்ணாச்சி ஒன்று, அடுப்படியில் ‘என்னை எடுக்காதே’ என்று கரண்டியை ஓங்கிய அம்மா ஒன்று, நீர்நாய் ஏழு. மொத்தம் ஒன்பது.

மத்தியான ஷிப்டுக்குப் போகும்முன் மாமா கேமராவின் சுவிட்சை அணைத்து எங்கள் வீட்டு மர அலமாரியில் வைத்தார். லைன் வீட்டில் நாலு பேர் கைபடும். இயற்பியல் வாத்தியார் வீட்டைவிடக் கேமராவுக்குப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா என்பது அவருடைய கணக்கு. மனுஷருக்கு எல்லா விஷயத்திலும் கண் கூர்மை. இந்த ஒன்றில் மட்டும் கோட்டை விட்டார்.

சங்கு ஊதி முடித்த ஐந்தாவது நிமிஷம் நான் அலமாரி முன் நின்றேன். எனக்கு ஒரே ஆசைதான். நான் எடுத்த நீர்நாய் உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இருந்த தாழை இழுத்தேன். பின்கதவு திறந்துகொண்டது. பழுப்பும் சாம்பலும் கலந்த பட்டுப் பாவாடை மாதிரி ஃபிலிம் பளபளத்தது. நீர்நாய் இல்லை. குனிந்து, ஜன்னல் பக்கம் திருப்பி, நன்றாக வெயில் படும்படி வைத்துத் தேடினேன். ஒரு மீசை முடிகூட இல்லை.

கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான், ஸ்டுடியோவில் இருட்டறைக் கதவின் மேல் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது மண்டையில் ஏறியது: வெளிச்சம் பட்டால் படம் போச்சு.

அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மானம் மிச்சம் வேண்டும். வெளிச்சம் உள்ளே போய்விட்டது என்றால் இருட்டைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். வீட்டிலேயே கெட்டியான இருட்டு அரிசி டிரம்முக்குள்தான் இருந்தது. கேமராவைத் துண்டில் சுற்றி அரிசிக்குள் புதைத்து மூடியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அம்மா வந்து, “என்னலே டிரம்மு மேல கோழி அடைகாக்க மாதிரி இருக்க?” என்றபோது, வயிற்றுவலி என்றேன். ஓமத்தண்ணீர் கொடுத்தார். அடுத்தது வேண்டுதல். முதலில் சாமிக்கு ஒரு தேங்காய் என்று ஆரம்பித்தது, சாயங்காலத்துக்குள் மொட்டை, பாபநாசம் வரை நடை, வாழ்நாள் முழுக்கக் கத்திரிக்காய் சாப்பிடுவேன் என்று வளர்ந்துவிட்டது. சாமி கடைசி ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டது. அம்மா அன்றைக்கே கத்திரிக்காய் வைத்தார்.

இருட்டும் முன் கேமராவை அரிசி தட்டித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் ஒன்று மாறியது. அப்பா மாமாவைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். “மாப்ளைக்கு இன்னொரு அப்பளம் வை,” என்றார். மாமா நீர்நாய்கள் ஏறி வந்ததைச் சொல்லச் சொல்லத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜங்ஷன் போன இடத்தில் அல்வா வாங்கி வந்து மாமா கையிலேயே கொடுத்தார். நான் ஒரு கணக்குப் போட்டேன். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, என் பாவத்துக்கு அவர் அல்வாவால் பிராயச்சித்தம் செய்கிறார், எல்லாம் முடிந்ததும் மொத்தமாக எனக்கு இருக்கிறது. இப்படி நினைத்து நினைத்து எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். “மிச்ச ஃபிலிம் போனாப் போவுது. இந்த ஏழு போதும். நாளைக்குக் கேட்ல காட்டுதேன்னு சொல்லிட்டேன்,” என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு ஊசி மாதிரி குத்தியது. இரண்டு வருஷக் குரைப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதை நான் வெயிலில் காட்டியிருந்தேன்.

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மாப்ளே, இரி. ஜங்ஷனுக்குப் போவாண்டாம்.”

“ஏன் அத்தான்?”

“போனாலும் ஒண்ணும் கெடைக்காது. புதங்கிழம நீங்க ஆத்துக்குக் குளிக்கப் போயிருந்தீங்கள்லா, ஷட்டரு துணியா தகடான்னு பாப்போம்னு கையில எடுத்தேன். பின்னால கதவு தொறந்துக்கிட்டு.” அவர் பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். “பதினஞ்சு வருசமா ஒளி நேர்கோட்டில் செல்லும்னு பிள்ளைகளுக்கு நடத்துதேன். எங்கிட்ட வரும்போது மட்டும் அது வளைஞ்சா போவும்? என்னைய மன்னிச்சிரு மாப்ளே.”

அடுப்படி வாசலில் அம்மா. “ஒளி வாத்தியாராக்கும்! நாலு நாளா அப்பளமும் அல்வாவுமா ஓடும்போதே நெனச்சேன்.”

என் அப்பா யாரிடமும் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைக்கூட ‘நீங்க கவனிக்கீங்களான்னு பாத்தேன்’ என்று சமாளிக்கிற ஆள். அன்றைக்கு மச்சினன் முன்னால் பனியனோடு நின்று, தன் பாடத்திலேயே தோற்றதை ஒப்புக்கொண்டார். இன்றைய என்னைவிட அன்றைக்கு வயதில் இளையவரான அந்த மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு: தப்பித்தோம்!

அந்த நினைப்பு நாலு மூச்சு நேரம் இருந்தது. ஐந்தாவது மூச்சில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. “நான் செவ்வாக்கிழமையே தொறந்துட்டேன்.”

அப்பா திரும்பினார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். “செவ்வாக்கிழமையா? நெசமாவா லே?” அவர் முகத்தில் தீபாவளி. “மாப்ளே, கேட்டியா! நான் தொறக்கும்போது அது ஏற்கெனவே செத்துப்போச்சு! எம்மேல ஒண்ணும் இல்ல!”

“நல்ல தகப்பன், நல்ல மவன்,” என்றார் அம்மா. “ரெண்டு பேரு கையையும் சேத்துக் கட்டிப் போடணும்.”

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். கேமராவை மடியில் வைத்து அதன் முதுகைத் தடவினார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் இருந்தது வேறு; மில்லில் பழுதான மிஷின் முன் நிற்கும்போது வருகிற முகம் அது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

“சுவிட்சப் போட்டீங்களா? மோட்டாரு மறுபடி ஓடிச்சா?”

“தொடவே இல்ல,” என்றோம் இருவரும்.

“தொறந்தப்ப எந்தப் பக்கம் கனமாச் சுத்தியிருந்து?”

“நான் எங்க பாத்தேன்? தொறந்த ஒடனே கண்ண மூடிக்கிட்டேன்,” என்றார் அப்பா. கேமராவைக் காப்பாற்றத் தன் கண்ணை மூடிய ஒரே இயற்பியல் வாத்தியார் அவராகத்தான் இருக்கும்.

நான் பார்த்திருந்தேன். நன்றாக, வெயிலில் காட்டிப் பார்த்திருந்தேன். “வலது பக்கம் மாமா. டப்பா இல்லாத பக்கம். கல்யாண வீட்டு ஜமுக்காளத்தச் சுருட்டி வச்ச மாதிரி மொந்தையா இருந்து.”

“மொந்தையாவா? நெசமா? ரெண்டு சுத்து மூணு சுத்து இல்லையே?”

“இல்ல மாமா. குழி நெறைய.”

மாமா எழுந்து அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஒரு நூல்கண்டையும் ஒரு காலிக் கட்டையையும் எடுத்து வந்தார். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இல்லாமல் போகாத சாமான். “அத்தான், பாருங்க. ஒம்பது படம்தான் எடுத்திருக்கோம். சாதாக் கேமராவா இருந்தா காலிக் கட்டையில ரெண்டு மூணு சுத்துதான் ஏறியிருக்கணும். இவன் குழி நெறையங்கான். ஃபிலிம் போட்ட அன்னைக்கு மோட்டாரு எவ்வளவு நேரம் ஓடிச்சு! அப்பவே டப்பாவுல இருந்தத பூராவும் இந்தப் பக்கம் சுத்திக்கிட்டு.” நூலை முழுக்கக் காலிக் கட்டைக்கு மாற்றினார். “பொறவு ஒவ்வொரு படம் எடுக்க எடுக்க, ஒவ்வொரு சாணா டப்பாக்குள்ள திருப்பி இழுத்துக்கிடுது. அதான் முப்பத்தாறுல இருந்து கீழ எண்ணுது. எடுத்த படம் எல்லாம் டப்பாக்குள்ள, இருட்டுக்குள்ள. நீங்க வெளிச்சம் காட்டினது எடுக்காத ஃபிலிம.”

அப்பா நூல்கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு தடவை சுற்றினார். திருப்பிச் சுற்றினார். “இத ஏன் எந்தப் புஸ்தகத்துலயும் போடல?”

“போட்டிருப்பான் அத்தான். அரபியில.”

“அப்ப எல்லாம் பொழச்சிருக்கா மாமா?” என்று கேட்டேன்.

“கடைசி ஒண்ணு மட்டும் டப்பா வாசல்ல நின்னிருக்கும். அதுல வெளிச்சம் பட்டிருக்கும்,” என்றார். கடைசி ஒன்று என்னுடையது. சாமி கணக்கில் கெட்டி.

மூவரும் பஸ் ஏறினோம். கேமரா அம்மாவின் கம்பளிக்குள், கம்பளி அப்பாவின் மடியில். “அதான் எல்லாம் டப்பாக்குள்ள இருக்கே அத்தான்,” என்றால், “இருக்கட்டும் மாப்ளே, எனக்கு வெளிச்சத்து மேல நம்பிக்கை போச்சு,” என்றார். எங்கள் ஊரிலிருந்து ஜங்ஷன் வரை புழுக்கத்தில் கம்பளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

ஸ்டுடியோ அண்ணாச்சி கதையைக் கேட்டுவிட்டு இருட்டறைக்குள் போனார். அந்த ஒரு மணி நேரம் நான் மூன்று முறை ஒன்றுக்குப் போனேன். அப்பா நாலு முறை. மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார், நாணலுக்குப் பின்னால் இருந்த மாதிரியே. அண்ணாச்சி நெகட்டிவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“படம் இருக்கு வே! முக்காவாசி கருகிக் கெடக்கு, ஆனா உம்ம நாய்ங்க அத்தனையும் இருக்கு. முதல்ல எடுத்த என் மூஞ்சி முப்பத்தாறாம் நம்பர்ல இருக்கு பாரும். நான் அன்னைக்கே சொல்லலியா, வலதுல இருந்துதான் எழுதியிருக்கான்!”

மாமாவின் ஆறு படங்களும் ஈரம் சொட்டச் சொட்ட வந்த மாதிரி இருந்தன. உதறிய நீர்த்துளி ஒவ்வொன்றையும் எண்ணலாம். ஏழாவது, என்னுடையது, பாதி ஆரஞ்சு நிறத்தில் எரிந்திருந்தது. எரிந்தது போக மிச்சத்தில் ஒன்றரை நீர்நாய். அஸ்தமனத்தில் நின்ற நீர்நாய் என்று நான் வெகுகாலம் விருந்தாளிகளிடம் கதை விட்டேன். மாமா அதைத் திருத்தியதே இல்லை. “கம்போசிசன் நல்லா இருக்கு,” என்று மட்டும் சொல்லுவார்.

மறுநாள் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் திறந்த நாள். மத்தியான ஷிப்ட் மாறுகிற நேரம். அப்பா பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடை வேறு வாத்தியாரிடம் தள்ளிவிட்டு, வெளுத்த வேட்டியில் மில் கேட்டுக்கு வந்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. காய்ச்சலைச் சொல்லி வகுப்புக்கு மட்டம் போட்டிருந்த நானும் பின்னால் போனேன். மாமா படங்கள் இருந்த கவரை எடுக்கத் தயங்கி நின்றார். வழக்கம்போல் யாரோ பின்னாலிருந்து குரைத்தார்கள். அப்பா கவரை மாமா பையிலிருந்து உருவி, டீக்கடை மேஜையில் ஒவ்வொன்றாக, வகுப்பில் விடைத்தாள் கொடுக்கிற மாதிரி வைத்தார்.

“இது என் மச்சினன் எடுத்தது,” என்றார். “நம்ம ஆத்துல. நான் நம்பல. தப்பு எம்பேர்ல.”

கூட்டம் சேர்ந்தது. பஞ்சு ஒட்டிய தலைகள் ஒன்றோடொன்று முட்டின. டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குட்டி அறை வாங்குகிற படத்தை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இதத்தான் வே,” என்றார் மெதுவாக. “போன வருசம் என் மவ ஊருக்குப் போம்போது, தடுப்பணைக்குக் கீழ பாத்தேன். இதே மாதிரி மூணு.”

“அப்ப ஏன் வே சொல்லல?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

டீக்கடைக்காரர் மாமா பக்கம் திரும்பினார். “உம்மளப் பேசினது நாந்தான? நான் எந்த வாய வச்சுச் சொல்ல?”

“நானும் பாத்திருக்கேன்,” என்றார் கேட் காவலாளி. நூற்புப் பிரிவுப் பெரியவர் ஒருவர், தான் பார்த்தது கரைக்குக் கீழே புதரில் என்றார். இன்னொருவர் தன் சம்சாரம் பார்த்ததாகவும், வெளியே சொல்லாதே, கோட்டி பிடித்தவள் என்பார்கள் என்று தானே வாயை அடைத்ததாகவும் சொன்னார். இன்னும் மூன்று பேர் வாயைத் திறந்தார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் ஆறு பேர் நீர்நாயைப் பார்த்திருந்தார்கள். ஆறு பேரில் பார்த்ததைப் பார்த்தேன் என்று அதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. சொன்னவர் ஏழாவது ஆள். இரண்டு வருஷம் குரைப்பு வாங்கியவர். என் மாமா.

அவருக்குக் கோபம் வரும் என்று அப்பாவும் நானும் அவர் முகத்தையே பார்த்தோம். அந்த இடத்தில் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது. சங்கு ஊதிவிட்டது. எல்லாரும் உள்ளே போக வேண்டும். மாமா சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு டீக்கடைக்காரர் பக்கம் குனிந்தார்.

“தடுப்பணைக்குக் கீழன்னா எங்கன அண்ணாச்சி? வெயிலு எந்தப் பக்கம் விழும்?”